எரிமலை மண் காபி: வாசகர் கேள்விகள்

இந்தோனேசியா, கென்யா, ருவாண்டா, குவாதமாலா என்று ஊர் எழுதிய கால் கிலோ காபி உறைகள் பெங்களூரு வீடுகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சிலவற்றை இந்திராநகர், கோரமங்கலா கடைகளில் வாங்குகிறார்கள். பலவற்றை வெளிநாடு போய்வந்த பிள்ளைகளும் மருமகன்களும் கொண்டுவருகிறார்கள். ‘எரிமலை மண்ணில் விளைந்தது’ என்ற வரி இவற்றில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அந்தக் காபியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

மருமகன் குவாதமாலா காபிக் கொட்டை வாங்கிவந்தார். உறை முழுக்க எரிமலைப் படம். புகை வாசனை வரும் என்று நினைத்துக் குடித்தேன். வந்தது எலுமிச்சைப் புளிப்பும் கோகோ வாசனையும்தான். இது அசல்தானா? எரிமலை மண் என்றால் சுவையில் என்ன மாறும்?
— வாசகி, மல்லேஸ்வரம்

அசல்தான். எரிமலைப் புகையும் சாம்பலும் கந்தகமும் கொட்டைக்குள் ஏறிச் சுவையாக வெளிப்படுவதில்லை. வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த உப்புகளை மட்டும்தான். காபியின் வாசனை, கொட்டையில் சேர்ந்திருக்கும் சர்க்கரையும் அமிலங்களும் புரதங்களும் வறுபடும்போது பிறக்கிறது. ஒரு காபியில் புகை வாசனை தூக்கலாக இருந்தால் அதை அதிகம் வறுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

எரிமலை மண்ணின் உதவி வேறு வகையானது. குவாதமாலாவின் ஆன்டிகுவா பள்ளத்தாக்கைச் சுற்றி அகுவா, ஃபுவேகோ, அகாட்டெனாங்கோ என்று மூன்று எரிமலைகள் நிற்கின்றன. அவற்றில் ஃபுவேகோ இன்றும் சாம்பலைக் கக்குகிறது. அந்த மண்ணில் நுரைக்கல் நிறையக் கலந்திருக்கிறது. மழை குறைவான மாதங்களில் நுரைக்கல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், மழை கொட்டும்போது அதிக நீரை வடித்துவிடும். தேங்கிய நீரில் காபி வேர் அழுகும், நீண்ட வறட்சியில் பழம் சிறுத்துவிடும். இரண்டிலிருந்தும் காப்பாற்றுவதால்தான் அந்த மண்ணுக்கு மதிப்பு.

‘எரிமலை மண்’ என்பது ஒரே வகை மண்ணும் அல்ல. கென்யா மலையின் சரிவில் உள்ள நியேரி, கிரின்யாகா பகுதிகளில் பழைய எரிமலைப் பாறை மக்கி, வேர் ஆழமாக இறங்கக்கூடிய செம்மண் ஆகியிருக்கிறது. ஹவாயின் கோனாவில் எரிமலைக் குழம்பு உறைந்து அதிகக் காலம் ஆகவில்லை. பல தோட்டங்களில் பாறை இடுக்கில் மரம் நிற்கிறது. எரிமலை மண் எல்லாம் வளமானது என்பதும் பாதி உண்மைதான். இளம் சாம்பல் மண்ணில் உருவாகும் ஒருவகைக் களிமண் பாஸ்பரஸை இறுகப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு விடாது. தொழு உரமும் மட்கும் போடாத விவசாயிக்கு அங்கேயும் விளைச்சல் கிடைக்காது.

எங்கள் கணிப்பில், எரிமலை காபிக்குத் தரும் பெரிய கொடை அதன் உயரம். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 6 டிகிரி குளிர்கிறது. இரவு குளிர்ந்தால் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகும், புளிப்பும் இனிப்பும் கூடும். இதற்கு அதே குவாதமாலாவில் சான்று இருக்கிறது. ஹுவேஹுவேதெனாங்கோவில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, எரிமலை மண் அல்ல. ஆனாலும் ஏறக்குறைய 2000 மீட்டர் வரை விளையும் அந்தக் காபி ஆன்டிகுவாவுக்குச் சமமாக மதிக்கப்படுகிறது. ஆகவே உறையில் முதலில் விளைந்த உயரத்தைப் பாருங்கள். அடுத்து மர வகை, பழத்தைப் பதப்படுத்திய முறை, வறுத்த தேதி. எரிமலைப் படத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

நம் பாபாபுடன்கிரியும் எரிமலைதான், அதன் வாய்தான் பிறை வடிவில் தெரிகிறது என்று சுற்றுலா போனபோது சொன்னார்கள். உண்மையா?
— வாசகர், ஜெயநகர்

இல்லை. அந்தப் பிறை வடிவ மலைத்தொடர் எரிமலை வாய் அல்ல. 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகள் மடிந்தும் அரிக்கப்பட்டும் உருவானது. அந்தப் பாறைகளுக்குள் ஆதிகால எரிமலைக் குழம்பு உறைந்த அடுக்குகள் இருப்பது உண்மைதான். ஆனால் இத்தனை காலம் மழையில் கரைந்தபின் மேலே மிஞ்சியிருக்கும் செம்மண், சாம்பல் மண் போல நடந்துகொள்ளாது. சிக்கமகளூரு உறையில் ‘எரிமலை மண்’ என்று எழுதியிருந்தால் அது விற்பனைக்காகச் சேர்த்த சொல். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பாபாபுடன்கிரி அராபிகாவுக்கு அந்தச் சொல் தேவையே இல்லை.

இந்தியாவில் எரிமலைக் குழம்புப் பாறைமேல் விளையும் காபிதான் வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தின் சிகல்தரா இருக்கிறது. தக்காணப் பாறையின்மேல் அமைந்த அந்த மலையூரில் காபி கொஞ்சம்தான் விளைகிறது.

பையன் கென்யா காபி அனுப்பினான். வீட்டுப் பித்தளை ஃபில்டரில் வழக்கம்போல மூன்று கரண்டி போட்டு வெந்நீர் ஊற்றினேன். ஐந்தே நிமிஷத்தில் முழுக்க இறங்கிவிட்டது. டிகாஷன் டீத் தண்ணீர் மாதிரி இருந்தது. பால் விட்டால் திரிந்த பால்போலப் புளிக்கிறது. கொட்டை கெட்டுப்போய்விட்டதா?
— வாசகி, அல்சூர்

கொட்டை நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஃபில்டர், சிக்கரி கலந்த, நடுத்தரமாகவோ கருகவோ வறுத்த தூளுக்குப் பழகியது. உங்களுக்கு வந்திருப்பது சிக்கரி இல்லாத லைட் ரோஸ்ட், அதாவது லேசாக வறுத்தது. கோளாறு அங்கேதான்.

முதலில் சிக்கரி. அது நீரில் ஊறி உப்பி, நீர் இறங்குவதைத் தடுத்து நிறுத்தும். டிகாஷனின் கருமையிலும் கெட்டியிலும் பெரும்பங்கு அதனுடையது. சட்டப்படி சிக்கரி கலந்த காபித் தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதாவது கடைத் தூளில் ஏறக்குறைய பாதி வரை சிக்கரி இருக்க இடமுண்டு. அது இல்லாதபோது நீர் வேகமாக இறங்குகிறது. அடுத்து, லைட் ரோஸ்ட் கொட்டை கெட்டியானது, சாரம் சீக்கிரம் கரைந்து வராது. வேகமாக ஓடிய நீர் முதலில் கரையும் புளிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இனிப்பை விட்டுவிட்டது. கடைசியாகப் பால். கென்யா காபியின் பழப் புளிப்பு பாலோடு சேரும்போது நாக்குக்குத் திரிந்த பாலாகவே படும். நேற்றைய பாலாக இருந்தால் உண்மையாகவே திரிந்தும் போகலாம்.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். பித்தளை ஃபில்டரின் உட்புறம் வெள்ளீயப் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிகிறதா? தெரிந்தால் புளிப்பான காபியை அதில் போடவே கூடாது, தாமிரம் கரைந்து இறங்கும். வெள்ளீயம் பூசக் கொடுங்கள், அதுவரை எவர்சில்வர் ஃபில்டரைப் பயன்படுத்துங்கள்.

இந்தக் கென்யா கொட்டையைப் பாலில்லாமல் குடியுங்கள் என்றே சொல்வோம். கூம்பு வடிவ வடிகட்டியும் அதற்கான காகிதமும் போதும். 15 கிராம் கொட்டையைச் சன்ன ரவை அளவுக்கு அரையுங்கள். காகிதத்தை முதலில் வெந்நீரில் அலசினால் காகித வாசனை போகும், வடிகட்டியும் சூடாகும். மொத்த நீர் 240 மி.லி. அதில் 45 மி.லி.யைத் தூள் முழுக்க நனையும்படி ஊற்றி 40 விநாடி விடுங்கள். நுரைத்து மேலெழும், அது தூளுக்குள் இருக்கும் கரியமில வாயு. பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றி 140 மி.லி. வரை ஊற்றுங்கள். நீர் பாதி இறங்கியதும் மீதியையும் ஊற்றுங்கள். எல்லாம் வடிந்து முடிய 3 நிமிடம் ஆக வேண்டும். இரண்டேகால் நிமிடத்துக்குள் முடிந்து, சுவை வெட்டென்று புளித்தால் அடுத்த முறை இன்னும் சன்னமாக அரையுங்கள். நான்கு நிமிடத்தைத் தாண்டி, நாக்கு வறளும்படி கசந்தால் கொரகொரப்பாக அரையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூளின் அளவையும் அரைவையையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

உறையில் ‘நீரைக் கொதிக்கவைத்து ஆறவிடவும்’ என்று எழுதியிருக்கும். பெங்களூரில் அதைப் பின்பற்ற வேண்டாம். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, கெட்டிலிலிருந்து ஊற்றும்போது இன்னும் இறங்குகிறது. லைட் ரோஸ்டுக்குக் கொதித்த உடனே ஊற்றுங்கள்.

பால் காபிதான் வேண்டும், ஃபில்டரில்தான் போடுவேன் என்றால் நடுத்தர வறுவல் கொட்டையாகக் கேட்டு வாங்குங்கள். அரைவை, நீங்கள் வழக்கமாக வாங்கும் ஃபில்டர் தூளைவிட ஒரு படி சன்னமாக இருக்கட்டும், மாவாக வேண்டாம். இரண்டு டம்ளருக்கு 30 கிராம் தூள், 180 மி.லி. தண்ணீர். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. லைட் ரோஸ்ட் கனமானது, கரு வறுவல் உப்பியது, அதனால் ஒரே கரண்டியில் எடை மாறும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

மேல் பாத்திரத்தையும் கீழ்ப் பாத்திரத்தையும் வெந்நீரில் சூடாக்கித் துடையுங்கள். தூளைப் போட்டு பக்கத்தில் இரண்டு தட்டு தட்டி மட்டப்படுத்துங்கள். குடையை மேலே வையுங்கள், அழுத்த வேண்டாம். 50 மி.லி. கொதிநீரைச் சுற்றிலும் ஊற்றி ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு மீதி 130 மி.லி.யை ஊற்றி மூடுங்கள். தூள் தன் எடையைப்போல இரு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே 120 மி.லி. டிகாஷன் இறங்கும். அதற்கு 12 முதல் 20 நிமிடம் ஆகலாம். 5 நிமிடத்தில் காலியானால் தூள் கொரகொரப்பு. சொட்டே விழவில்லை என்றால் தூள் மாவாகிவிட்டது அல்லது குடையை அழுத்திவிட்டீர்கள். ஃபில்டரைத் தட்டினால் இன்னும் அடைத்துக்கொள்ளும். குடையை மெல்லத் தூக்கி, ஸ்பூன் காம்பால் மேல் தூளை ஒருமுறை கிளறிவிடுங்கள்.

ஒரு டம்ளருக்கு 60 மி.லி. டிகாஷன், 90 மி.லி. பால். சிக்கரி டிகாஷனுக்கு ஊற்றும் அளவு பாலை இதில் ஊற்றினால் காபி காணாமல் போகும். டிகாஷன் ஆறிவிட்டால் அடுப்பில் ஏற்றாதீர்கள், கீழ்ப் பாத்திரத்தை வெந்நீரில் வையுங்கள்.

இந்தக் கொட்டைகளில் பால் காபிக்கு ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் சுமத்ராவின் காயோ மலைநாட்டுக் காபியைச் சொல்வோம். அங்கே பழத்தோலை நீக்கிக் கழுவியபின், கொட்டை முழுதாகக் காய்வதற்கு முன்பே, ஈரம் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போதே உள்தோலை உரித்துவிடுகிறார்கள், பிறகுதான் காயவைக்கிறார்கள். மழை ஓயாத ஊரில் சீக்கிரம் காயவைக்க வந்த வழக்கம் இது. அதன் விளைவாகப் புளிப்பு குறைந்து, கனமான, மண்வாசனையும் மசாலா வாசனையும் உள்ள காபி கிடைக்கிறது. பாலுக்கு அது ஈடுகொடுக்கும். சிக்கரி இல்லாமல் முடியவே முடியாது என்றால் 27 கிராம் காயோவுக்கு 3 கிராம் சிக்கரி போடுங்கள். கென்யாவில் மட்டும் சிக்கரி வேண்டாம். அந்தப் புளிப்பும் சிக்கரியின் கருகல் இனிப்பும் ஒன்றையொன்று கெடுக்கும்.

காபி அரைக்கத் தனி மெஷின் இல்லை. மிக்ஸியில் அரைக்கலாமா?
— வாசகி, அல்சூர்

அரைக்கலாம், ஓடவிட்டு அரைக்கக் கூடாது. சின்ன ஜாரில் 30 கிராமுக்கு மேல் போடாதீர்கள். இரண்டு மூன்று விநாடி விட்டு விட்டுச் சுழற்றி, ஒவ்வொரு முறையும் ஜாரைச் சாய்த்துக் குலுக்குங்கள். மிக்ஸி அரைத்ததில் கட்டியும் மாவும் கலந்தே இருக்கும். மாவு கசப்பையும் கட்டி புளிப்பையும் தரும், இரண்டும் ஒரே டம்ளரில் வரும். மைதா சலிக்கும் சல்லடையில் சலித்து மாவை நீக்கினால் பெரும்பாதி சரியாகிவிடும். முன்தினம் மிளகாய் அரைத்த ஜார் வேண்டாம்.

நாங்கள் இருப்பது ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடிக் குடியிருப்பு. போர்வெல்லும் டேங்கர் நீரும்தான். கடையில் குடித்தபோது மணந்த அதே குவாதமாலா கொட்டை வீட்டில் சப்பென்று இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் போட்டால் வெறும் புளிப்பு. என்ன செய்வது?
— வாசகர், ஒயிட்ஃபீல்டு

இந்தக் கேள்வி பெங்களூரின் பாதிப் பேருக்குப் பொருந்தும். காபியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீர்தான் என்பதால் கொட்டைக்குச் செலவழிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

போர்வெல் நீரில் கால்சியம், மக்னீசியத்தோடு பைகார்பனேட்டும் நிறைய இருக்கிறது. கெட்டிலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். பைகார்பனேட் அமிலத்தைச் சமன்செய்துவிடும். உயர்ந்த மலைக் காபிக்கு நாம் கொடுக்கும் பணமே அந்த மெல்லிய பழப் புளிப்புக்குத்தான், அதை உங்கள் தண்ணீர் அழித்துவிடுகிறது. ஆர்.ஓ. நீரில் நேர் எதிர் நிலை. சாரத்தை இழுக்க உதவும் தாதுக்களும் இல்லை, புளிப்பை அடக்கப் பைகார்பனேட்டும் இல்லை. அதனால் காபி மெலிந்து, கூர்மையாகப் புளிக்கும்.

இரண்டையும் கலப்பதுதான் எளிய வழி. நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். இலக்கு 100 முதல் 150. ஆர்.ஓ. நீர் 40, போர்வெல் 800 என்று காட்டினால் 900 மி.லி. ஆர்.ஓ. நீரில் 100 மி.லி. போர்வெல் நீர் சேருங்கள், ஏறக்குறைய 116 வரும். போர்வெல் நீரைத் தனியே கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்ததும் மேல் நீரை மட்டும் கலந்தால் படிவு குறையும். காவிரிக் குழாய் நீர் வரும் வீடுகளில் அதை அப்படியே காய்ச்சி முதலில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கலப்பே தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கை. பல குடியிருப்புகளில் மொத்த நீரையும் சாஃப்ட்னர் வழியாக விடுகிறார்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது. மீட்டரில் எண் குறையாது, பைகார்பனேட்டும் அப்படியே இருக்கும். கெட்டிலில் வெள்ளைப் படிவு வராததால் நல்ல நீர் என்று தோன்றும், காபி மட்டும் சப்பென்று இருக்கும். அந்த நீரை ஆர்.ஓ.வோடு கலப்பதில் பயனில்லை. கடையில் விற்கும் 20 லிட்டர் கேன் நீரின் எண்ணைப் பார்த்து அதைக் காபிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ருவாண்டா காபி இரண்டு வாரமாக அருமையாக இருந்தது. நேற்று ஒரு கோப்பையில் மட்டும் பச்சை உருளைக்கிழங்கைத் தோல் சீவிய வாசனை. இன்று மறுபடி நன்றாக இருக்கிறது. பூஞ்சையா?
— வாசகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்

பூஞ்சை அல்ல, உடம்புக்குக் கேடும் இல்லை. ருவாண்டா, புருண்டி, காங்கோவின் கிழக்குப் பகுதி என்று கிவு ஏரியையும் விருங்கா எரிமலைகளையும் சுற்றிய மலைநாட்டுக் காபிக்கு உரிய குறை இது. வணிகர்கள் இதை உருளைக்கிழங்குக் குறை என்றே சொல்வார்கள். அன்டெஸ்டியா என்ற நாவாய்ப் பூச்சி பழத்தைத் துளைப்பதோடு இதற்குத் தொடர்பு உண்டு. துளைபட்ட பழத்தின் கொட்டையில் பைரசின் வகைச் சேர்மம் ஒன்று உருவாகிறது. மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும் வாசனை அது. ஒரு கொட்டை போதும், ஒரு கோப்பை கெடும். நூறு கொட்டையில் எது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வறுத்தபின்னும் தெரியாது. அரைத்தால்தான் தெரியும்.

ஆகவே இந்த நாட்டுக் கொட்டையை ஒரு வாரத்துக்குச் சேர்த்து அரைக்காதீர்கள், கடையில் அரைத்தும் வாங்காதீர்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் தனியாக அரைத்து, நீர் ஊற்றுமுன் தூளை முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் அந்த 15 கிராமைக் கொட்டிவிட்டு, அரைக்கும் கருவியைத் துடைத்து, நாலைந்து கொட்டை போட்டுச் சுழற்றி அதையும் கொட்டிவிட்டு மறுபடி அரையுங்கள். இதற்குப் பயந்து ருவாண்டா காபியைக் கைவிட வேண்டாம். அங்கே பெருமளவில் இருக்கும் போர்பன் வகை மரத்தின் இனிப்புக்கு அந்த 15 கிராம் இழப்பு பெரிதல்ல.

அடுத்த மாதம் குடும்பத்தோடு பாலி போகிறோம். மரநாய் தின்று கழித்த கொட்டையில் செய்யும் லுவாக் காபி வாங்கிவரச் சொல்கிறார்கள். வாங்கலாமா? வேறு என்ன வாங்கலாம்?
— வாசகி, ராஜாஜிநகர்

லுவாக் வாங்காதீர்கள். சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகும் தோட்டங்களில் மரநாய்களைக் கம்பிக் கூண்டில் அடைத்துக் காபிப் பழத்தைத் தின்னக் கொடுக்கிறார்கள். இரவில் மரமேறித் திரிந்து, பல வகைப் பழமும் பூச்சியும் தின்று வாழும் விலங்கு அது. அடைத்து வைத்து ஒரே தீனி போட்டால் நொந்துபோகும். ‘காட்டில் பொறுக்கியது’ என்று உறையில் போட்டிருந்தாலும் வாங்குபவர் சரிபார்க்க வழியில்லை. சாதாரணக் கொட்டையை அந்தப் பெயரில் விற்பதும் நடக்கிறது. சுவையிலும் அந்த விலைக்குத் தகுதி இல்லை. மரநாயின் வயிற்றில் புளிப்பு மழுங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

பாலியில் வாங்க வேண்டியது கிந்தாமணி அராபிகா. பாத்தூர் எரிமலையைச் சுற்றி, 900 மீட்டருக்கு மேல் உள்ள சரிவுகளில் விளைவது. 2008-ல் இந்தோனேசியாவின் முதல் புவிசார் குறியீடு இந்தக் காபிக்குத்தான் கிடைத்தது. சுபாக் அபியான் என்ற உழவர் குழுக்கள் சிவந்த பழமாகப் பறித்து, கழுவிப் பதப்படுத்துகிறார்கள். காபி மரங்களுக்கு நடுவே ஆரஞ்சு நட்டிருப்பார்கள். அதனால்தான் காபியில் ஆரஞ்சு வாசனை வருகிறது என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்ப வேண்டாம், பக்கத்து மரத்தின் வாசனை கொட்டைக்குள் போகாது. அந்தப் புளிப்பு உயரத்தாலும் கழுவிய முறையாலும் வருகிறது.

கடைகளில் ‘கோபி பாலி’ என்று மலிவாக விற்கும் மாவுபோன்ற தூள் பெரும்பாலும் ரொபஸ்டா. அதை ஃபில்டரில் போட்டால் அடைத்துக்கொள்ளும். உள்ளூர்க்காரர்கள் போடுவதுபோல 10 கிராம் தூளைக் கோப்பையில் போட்டு 160 மி.லி. கொதிநீர் ஊற்றிக் கலக்கி, 4 நிமிடம் விட்டு, தூள் அடியில் படிந்தபின் மேலாகக் குடிக்கலாம்.

வறுத்த கொட்டையாக, வறுத்த தேதி போட்ட, காற்றுப்போக்கி வைத்த உறையாகப் பார்த்து வாங்குங்கள். வறுக்காத பச்சைக் கொட்டையையும் செடியையும் கொண்டுவரக் கூடாது. பயிர்நோய்த் தடுப்பு விதிப்படி அவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். குடகிலும் சிக்கமகளூரிலும் எத்தனை குடும்பங்கள் இந்தப் பயிரை நம்பியிருக்கின்றன என்பதை நினைத்தால் அந்த விதியின் அவசியம் புரியும்.

கென்யா ஏ.ஏ. என்றால் முதல் தரம்தானே? ஏ.பி. மலிவாக இருக்கிறது, வாங்கலாமா?
— வாசகர், பனசங்கரி

தாராளமாக வாங்கலாம். ஏ.ஏ. என்பது கொட்டையின் பருமன், சுவையின் தரம் அல்ல. ஏறக்குறைய 7 மி.மீ.க்கு மேற்பட்ட கொட்டை ஏ.ஏ., அதற்குச் சற்றுச் சிறியது ஏ.பி., ஒற்றைக் கொட்டை பி.பி. ஒரே மரத்தில் மூன்றும் காய்க்கும். உறையில் எஸ்.எல்.28, எஸ்.எல்.34 என்று மர வகை போட்டிருக்கிறதா, பழத்தைப் பதப்படுத்தியது எந்தக் கழுவு நிலையம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விவரமுள்ள ஏ.பி., விவரமே இல்லாத ஏ.ஏ.வைவிட நம்பகமானது. ஹவாய் காபியிலும் கவனம் வேண்டும். ‘100 விழுக்காடு கோனா’ என்பதும் ‘கோனா கலவை’ என்பதும் வேறு வேறு. கலவையில் 10 விழுக்காடு கோனா இருந்தாலே போதும் என்றுதான் அங்கே நெடுங்காலம் சட்டம் இருந்தது.

கால் கிலோ உறையைத் திறந்தால் எத்தனை நாள் தாங்கும்? ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
— வாசகி, பசவனகுடி

ஃபிரிட்ஜில் வேண்டாம், ஈரமும் பெருங்காய வாசனையும் ஏறிவிடும். லைட் ரோஸ்டை வறுத்த தேதியிலிருந்து 10 நாளாவது கழித்துத் திறங்கள். அதற்கு முன் கரியமில வாயு நிறைய இருக்கும், நீர் சீராக ஊறாது. திறந்தபின் கொட்டையாக 4 வாரம், தூளாக நாலைந்து நாள் நன்றாக இருக்கும். இரண்டு மூன்று உறை சேர்ந்துவிட்டால் 50 கிராம் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் அறைச் சூடு வரும்வரை பிரிக்காதீர்கள், கொட்டைமேல் நீர் கோத்துக்கொள்ளும். ஒருமுறை எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது.

பால்கனித் தொட்டியில் அராபிகா செடி வைத்திருக்கிறேன், நான்கு வயது. எரிமலைக் கல் தூள் வாங்கிப் போட்டால் சுவை கூடுமா? இலை மஞ்சளாக இருக்கிறது, நரம்பு மட்டும் பச்சை. இந்த வருஷம் கொஞ்சம் பழம் பிடித்திருக்கிறது.
— வாசகர், பனசங்கரி

கல் தூளால் சுவை கூடாது. ஆனால் நர்சரியில் கிடைக்கும் பெர்லைட் எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்துச் செய்வதுதான். நுரைக்கல் ஆன்டிகுவாவில் செய்வதைப்போல அது தொட்டியில் வடிகால் தரும். செம்மண் 2 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு, பெர்லைட் 1 பங்கு என்று கலந்து மாற்றி நடுங்கள். காலை வெயில் போதும், மதிய வெயிலில் நிழல் வேண்டும்.

நரம்பு பச்சையாக இருந்து இலை மஞ்சளாவது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், போர்வெல் நீரின் பைகார்பனேட் மண்ணைக் காரமாக்குவதால் வேர் அதை எடுக்க முடியாது. காபிக்கு மண்ணின் பி.எச். 6 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள், புது இலை பச்சையாக வருகிறதா என்று பாருங்கள்.

பழத்தைப் பொறுத்தவரை, 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பச்சைக் கொட்டை என்பது கணக்கு. தொட்டிச் செடியில் அரை கிலோ பழம் பறித்தால் 80 கிராம் தேறும். முழுக்கச் சிவந்ததை மட்டும், முறைவைத்துப் பறியுங்கள். அன்றே தோலைப் பிதுக்கி நீக்கி, கொட்டையை நீரில் ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாள் ஊறவிடுங்கள். கையில் உரசும்போது வழுவழுப்பு போய் நறநறவென்று இருந்தால் கழுவலாம், அதற்கு மேல் விட்டால் புளித்த நாற்றம் பிடிக்கும். மிதக்கும் கொட்டைகளைத் தள்ளிவிடுங்கள். வலைத்தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மதியம் மூடி, 10 முதல் 12 நாள் காயவிடுங்கள். உள்தோல் கையாலேயே நொறுங்கி உரிய வேண்டும். உரித்த கொட்டையைப் பல்லில் கடித்தால் பல் பதியாமல் கெட்டியாக நிற்க வேண்டும். பல் தடம் பதிந்தால் இன்னும் இரண்டு நாள் காயவிட்டு அதன்பிறகு வறுங்கள்.